வாணலி என்றால் ஒதுங்கு

வாணலி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் சிரிப்பீர்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா, அடுப்பில் ஏற்றி வதக்கவும் வறுக்கவும் பொரிக்கவும் வைத்திருக்கிறோமே, குழிவாக, இரண்டு காதோடு, அதுதான் என்பீர்கள். ஒரு வீட்டில் அதையே கடாய் என்பார்கள், இன்னொரு வீட்டில் சட்டி என்பார்கள். உங்கள் வீட்டில் என்னவோ, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கேன்டீனில் வாணலி என்றால் ‘ஒதுங்கு’ என்று அர்த்தம்.

எண்ணூறு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தக் கேன்டீன். பின்பக்கம் சமையல், முன்பக்கம் பரிமாறும் மேடை. நடுவே ஓர் ஆள் தாராளமாகவும் இரண்டு பேர் இடித்துக்கொண்டும் போகக்கூடிய நடை. அந்த நடை திரும்பும் மூலையில் தட்டு கழுவும் தொட்டி. சாப்பிட வருகிறவர்களுக்கு மீனையும் உருளைக்கிழங்கையும் கண்ணெதிரே சுடச்சுடப் பொரித்துக் கொடுக்க வேண்டும் என்பது மேனேஜரின் ஆசை. முன்பக்கமோ ஒரே ஒரு சின்ன அடுப்பு. அதில் எண்ணெய் காய்வதற்குள் வரிசையில் நிற்கிறவர் காய்ந்துவிடுவார். ஆகவே பின்பக்கத்துப் பெரிய அடுப்பில் எண்ணெயைக் காயவைத்து, வாணலியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து, அப்படியே நடை வழியாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். செய்யக்கூடாத வேலைதான். மேனேஜருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

ஆரம்பத்தில் தூக்கி வருகிறவர்கள் வாய்க்கு வந்ததைக் கத்தினார்கள். ஒருத்தர் ‘சட்டி, சட்டி’ என்பார். ஒருத்தர் ‘கடாய்’ என்பார். ஒருத்தர் ‘சூடு சூடு’ என்பார். ஒருநாள் ‘சட்டி’ என்று கத்தியதும், மேடையில் பரிமாறும் மீசைக்காரர், தன்னிடம்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஒரு காலிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடிவந்துவிட்டார். நூலிழையில் தப்பினார். அன்றைக்கு மாஸ்டர், அதாவது தலைமைச் சமையல்காரர், கரண்டியால் மேடையை ஓங்கித் தட்டினார்.

“உங்க வீட்டுல அதுக்கு என்ன பேரு வேணா இருக்கட்டும். இங்க ஒரே பேருதான், வாணலி. தூக்குறவன் ‘வாணலி’ன்னு குரல் குடுக்கணும். கேக்குறவன் ‘வரட்டும்’னு சொல்லிட்டு ஒதுங்கணும். குரல் குடுக்காம தூக்கினா வேலை போச்சு. கேட்டும் ஒதுங்கலைன்னா அதுக்கும் வேலை போச்சு.”

மேனேஜர் அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினார். அதோடு அந்தச் சொல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் அறுபது எழுபது தடவை கேட்கும். தட்டு அடுக்கைத் தூக்கினாலும் வாணலி, ஈரத் தரையில் ஆள் வந்தாலும் வாணலி. மேனேஜர் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் மீசைக்காரர் அடிக்குரலில் ‘பெரிய வாணலி வருது’ என்பார், எல்லோரும் குனிந்து வேலை பார்ப்பார்கள். பெரியக்கா பஸ்ஸில் நெரிசலுக்குள் ‘வாணலி, வாணலி’ என்று சொல்லியே இறங்கிவிடுவாள். ஏன் என்று தெரியாமலேயே ஜனம் வழிவிடும்.

பெரியக்கா யார் என்று சொல்லவில்லையே. அங்கே அண்ணன் தம்பி இருவரைக் கட்டிய ஓரகத்திகள் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். மூத்தவள் பொரிக்கும் அடுப்பில். இளையவள் கழுவும் தொட்டியில். கேன்டீன் முழுக்க அவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றே கூப்பிட்டது. ஒரே வீடு, மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். காலையில் ஒன்றாக வருவார்கள், மாலையில் ஒன்றாகப் போவார்கள், வழியெல்லாம் வாய் ஓயாது. ஒன்பது வருஷம் அப்படி.

பிறகு உப்பு வந்தது. சின்னக்கா ஃபோனில் மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ பேச்சுவாக்கில், “அக்கா கை பட்டா உப்பு எப்பவுமே ஒரு பிடி தூக்கலாத்தான் அத்தை இருக்கும், கேன்டீன்லயும் சொல்லிக்கிறாங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாடிப்படியில் துணிக் கூடையோடு நின்ற பெரியக்காவின் காதில் அது அப்படியே விழுந்தது. அடுப்பையே நம்பிப் பிழைக்கிறவளிடம் இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்? நேரே கேட்டிருந்தால் ஒரு சண்டை, ஓர் அழுகை, ஒரு காபியில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ‘எதுக்கு இவங்களுக்கு இவ்வளவு வீம்பு’ என்று சின்னக்காவும் தன் பங்குக்குத் தூக்கி வைத்துக்கொண்டாள். பேச்சு நின்றது. வேறு வேறு பஸ்ஸில் போனார்கள். அடுப்புக்கும் தொட்டிக்கும் பதினைந்தடி தூரம், அதில் சேதி கொண்டுபோக மீசைக்காரர் வேண்டியிருந்தது. “சின்னக்கா, பெரிய கரண்டியக் கழுவித் தரணுமாம். யாருக்குன்னு என்னக் கேக்காதீங்க.”

வாணலி தூக்கும்போது பெரியக்கா என்ன செய்தாள்? குரல் கொடுத்தாள். ஆனால் சின்னக்காவுக்கு இல்லை. நடையில் எப்போதும் வேறு யாராவது இருந்தார்கள், அவர்களுக்காகக் கொடுத்தாள். பதினோரு நாள் அப்படியே ஓடிவிட்டது. பன்னிரண்டாம் நாள், பன்னிரண்டரை மணிக்கு, நடையில் சின்னக்கா மட்டும்தான் இருந்தாள்.

இதை நான் மழுப்பப்போவதில்லை. பெரியக்கா அவளைப் பார்த்தாள். சின்னக்கா முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் குனிந்திருந்தாள். ஏப்ரன் நாடா அவிழ்ந்து இடுப்புக்குக் கீழே தொங்கியது. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய், மேலே மெல்லிய புகை. சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ‘இப்ப வாயத் திறந்தா நான் முதல்ல பேசுன மாதிரி ஆயிடும்’ என்று ஒரு நினைப்பு, அதுவும் கூடவே வந்தது. இடதுபக்கம் இடம் இருக்கிறது, சத்தமில்லாமல் போய்விடலாம் என்று காலை எடுத்து வைத்தாள். கழுவிய தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சின்னக்கா சட்டென்று திரும்பினாள்.

தட்டடுக்கு வாணலியின் விளிம்பில் மோதியது. எண்ணெய் சின்னக்காவின் வலது முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் கொட்டியது, மீதி பாதத்தில். அவள் போட்ட அலறல் மாடி அலுவலகம் வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். பெரியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாஸ்டர்தான் பாய்ந்துவந்து அந்தக் கையைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்தார்.

ஆஸ்பத்திரி வண்டி போனபிறகு மேனேஜர் கீழே வந்தார். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“குரல் குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க சார். நான் அடுப்புகிட்ட இருந்தேன், என் காதால கேட்டேன்” என்றார் மாஸ்டர்.

“நானும் கேட்டேன் சார். ‘வரட்டும்’னு சொன்னதே நான்தான்” என்றார் மீசைக்காரர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “சின்னக்காதான் சார் ஒதுங்கல. என்ன நினைப்புல இருந்தாங்களோ.”

வெங்காயம் நறுக்கும் அம்மாவும் கேட்டதாகச் சொன்னாள். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். ஒரு நாளைக்கு அறுபது தடவை கேட்டுப் பழகிய காது, அறுபத்தோராவது தடவையைத் தானே போட்டு நிரப்பிக்கொண்டது. அடித்துச் சத்தியம் செய்வார்கள், அவ்வளவு நிச்சயமாகக் கேட்டிருந்தார்கள்.

மேனேஜர் பெரியக்கா பக்கம் திரும்பினார். “என்னம்மா, குடுத்தீங்கதானே?”

“ம்” என்றாள்.

அந்த ஒரு ‘ம்’தான். திரும்ப எடுக்க நினைத்தாள். அதற்குள் மேனேஜர் எழுதிக்கொண்டு படியேறிவிட்டார்.

அடுத்த மூன்று நாளும் மாடிக்கும் கீழுக்கும் சேர்த்துப் பெரியக்காவே சமைத்தாள். அவளுடைய கொழுந்தன், சின்னக்காவின் புருஷன், லாரி ஓட்டுகிறவர், லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் பேசுவார்.

“எத்தன தடவ அண்ணி சொல்லியிருப்பேன், வேலை செய்யுற இடத்துல கவனமா இருன்னு. ரோஷம், வீம்பு. உங்ககூட பேசலைங்கறதுக்காக, சூடா எண்ணெய் வருதுன்னு நீங்க கத்துறீங்க, நகராம நிப்பாளா ஒருத்தி? விரல் மடங்குமான்னு டாக்டரே இப்ப சொல்ல மாட்டேங்கறாரு.”

“அவளத் திட்டாதீங்க தம்பி.”

“திட்டாம? நேத்து அவகிட்டயே கேட்டுட்டேன், அறிவிருக்கான்னு.”

சின்னக்காவின் மகளுக்கு எட்டு வயது. சாதம் பிசைந்துகொண்டே அவள் கேட்டாள். “பெரியம்மா, அம்மா ஏன் நகரல?” பெரியக்கா எழுந்து சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சனிக்கிழமை மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிடுவாராம். கேட்டும் ஒதுங்கவில்லை என்று எழுதி சின்னக்காவை நிறுத்திவிடுவார்களாம். சொல்லும்போதே அவருக்கும் முகம் சுருங்கிப்போயிருந்தது.

பெரியக்கா சுற்றிலும் பார்த்தாள். “மாஸ்டர், நான் குரல் குடுக்கல.”

“என்னது?”

“அன்னைக்கு. நான் வாயே திறக்கல.”

மாஸ்டர் அவளை உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். “இங்க பாருங்கம்மா. எனக்கும் ஒரு தடவ இப்படி ஆச்சு. நம்ம கையால ஒருத்தருக்கு அடிபட்டா, நாமதான் தப்பு பண்ணோம்னு மனசு ஒரேயடியா நிக்கும். பிரமை. நான் கேட்டேம்மா. என் காது பொய் சொல்லுமா?”

“உங்க காது…”

“மீசை ‘வரட்டும்’னு சொன்னானே, அதையும் கேட்டேன். உங்க ஓரகத்தி வேலை போயிடக்கூடாதுன்னு பாக்குறீங்க. நல்ல மனசுதான். அதுக்காக உங்க வேலையத் தூக்கிக் குடுப்பீங்களா? போங்க, அடுப்பப் பாருங்க.”

அடடா, உண்மையைச் சொன்னதற்கு நல்ல மனசு என்று பேர் வாங்கிக்கொண்டு வந்தாள் மகராசி. வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், உள்ளுக்குள் ஒரு மூலையில் ‘சொல்லியாச்சு, நம்பல, நான் என்ன பண்ண’ என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததுதான். அந்த நிம்மதியைக் கண்டதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். நான்கு மணி, பார்வையாளர் நேரம்.

ஆறு கட்டில் போட்ட வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் சின்னக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். வலது கையைச் சுற்றிக் கட்டி, ஒரு பட்டையில் தூக்கி மாட்டியிருந்தார்கள். விரல்நுனி மட்டும் வெளியே தெரிந்தது, வீங்கி, மருந்து பூசி. மூன்று நாளாகப் பெரியக்கா வாசல் வரைக்கும் வந்து ஃபிளாஸ்கைக் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தாள். இன்றைக்குத்தான் உள்ளே வருகிறாள். உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு நாள் வீம்பு, மூன்று நாள் ஆஸ்பத்திரி. முதலில் வாயைத் திறந்தது சின்னக்காதான்.

“அக்கா, என்ன மன்னிச்சிருங்க.”

பெரியக்காவுக்குக் காது அடைத்தது.

“நீங்க கூப்பிட்டீங்க. எனக்குக் கேட்டுச்சு. யாரு சொன்னாலும் சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். ‘இவங்க கூப்பிட்டா நான் உடனே நகரணுமா’ன்னு ஒரு நிமிஷம் நின்னேன் பாருங்க, அந்தத் திமிருதான் இது. உங்களுக்கும் எவ்வளவு பெரிய கஷ்டத்தக் குடுத்துட்டேன். கேன்டீன்ல எல்லாரும் உங்க மூஞ்சியப் பாத்து என்ன பேசினாங்களோ.” கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. இடது கையால் துடைக்க அவளுக்கு இன்னும் பழகவில்லை.

இதற்குமேல் எளிதான வழி யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள். கேன்டீன் சாட்சி. கொழுந்தன் சாட்சி. எண்ணெய் பட்டவளே சாட்சி. ‘சரி விடுடி’ என்று தலையைத் தடவினால் போதும். இந்த ஜென்மத்துக்கு யாரும் கேட்கமாட்டார்கள். பெரியக்காவின் கை அவள் தலைப்பக்கம் போகக்கூடப் போனது. பாதியில் இறக்கிக்கொண்டாள்.

“நான் கூப்பிடல.”

“அக்கா…”

“கூப்பிடவே இல்லடி. உனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி இருக்கு, அவ்வளவுதான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு.”

சின்னக்கா அழுகையோடேயே சிரித்தாள். “உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? என் வேலை போயிடும்னு சொல்றீங்க. அவரு சொன்னாரு சனிக்கிழமை விஷயத்த. போனா போகுது விடுங்க. எனக்காக நீங்க ஏன் பழிய ஏத்துக்கறீங்க?”

மாஸ்டரிடம் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டு வந்தாள். இங்கே விடமுடியாது. கட்டிலில் உட்கார்ந்தாள். நம்பவைக்க வேண்டுமென்றால் ஏன் கூப்பிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அதை இதுவரை தனக்குத்தானே கூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை.

“நீ முதுகக் காட்டிட்டு நின்னே. ஏப்ரன் நாடா அவுந்து தொங்குச்சு. காலு மாட்டிக்கப்போகுதுன்னு தோணுச்சு எனக்கு. அதையும் சொல்லல. நடையில வேற ஆள் யாரும் இல்ல, நீ மட்டும்தான். யாராவது ஒருத்தர் கூட இருந்திருந்தா குரல் குடுத்திருப்பேன். நீ மட்டும் இருந்ததாலதான் குடுக்கல. வாயத் திறந்தா நான் முதல்ல பேசின மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். உப்பப் பத்தி அத்தைகிட்ட நீ சொன்னியே, அதுக்கு. படியில நின்னு கேட்டேன். அதுக்குத்தான்.”

பக்கத்துக் கட்டில்காரியின் மகன் பழம் உரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். சின்னக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அவள் நம்பிவிட்டாள். மாஸ்டருக்குப் புரியாதது இவளுக்குப் புரிந்தது, அதே பன்னிரண்டு நாளும் அதே கணக்கை இவளும் போட்டுக்கொண்டிருந்தவள்தானே.

“உப்புக்கா?” என்றாள்.

“ஆமா.”

“அத்தைகிட்ட அன்னைக்கு அதுக்கு முன்னாடி என்ன சொன்னேன்னு கேட்டீங்களா? பாதியில வந்து நின்னீங்களா?”

“பாதியிலதான்.”

சின்னக்கா அது என்ன என்று சொல்லவில்லை. பெரியக்காவும் கேட்கவில்லை, கேட்க அவளுக்கு என்ன உரிமை? ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பார்த்துவிட்டுப் போனாள்.

“மூணு நாளு” என்றாள் சின்னக்கா. குரல் நடுங்கியது, அழுகையால் இல்லை. “மூணு நாளா நான் என்னையே திட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன். அவரு வந்து அறிவிருக்கான்னு கேட்டாரு, ஆமா இல்லைன்னு சொன்னேன். புள்ள வந்து ஏம்மா நகரலன்னு கேட்டா. அம்மா திமிருல நின்னுட்டேன்டா செல்லம், நீ அப்படி இருக்காதன்னு சொல்லிக் குடுத்தேன். நீங்க வாசல் வரைக்கும் வந்து ஃபிளாஸ்க் குடுத்துட்டுப் போனீங்க.”

“என்ன வேணா சொல்லு. அடி. நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்.”

“மாஸ்டர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். நம்பல.”

“நம்பலன்னு வந்துட்டீங்க.”

பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மூலையில் எட்டிப் பார்த்த நிம்மதி வரைக்கும் இவள் பார்த்துவிட்டாளே என்று இருந்தது.

“மேனேஜரும் நம்ப மாட்டாரு” என்றாள் சின்னக்கா. “மீசையண்ணன் நம்ப மாட்டாரு. உங்களுக்குத் தங்கமான மனசுன்னு எல்லாரும் சொல்வாங்க. எனக்கு அது வேண்டாம். என்கிட்ட இப்ப சொன்னீங்களே, நாடா, உப்பு, எல்லாத்தையும் அதே மாதிரி சொல்லணும். ஒவ்வொருத்தர்கிட்டயும். நம்புற வரைக்கும் சொல்லணும். எல்லாரும் நம்பினதுக்கு அப்புறம் இங்க வாங்க. அதுவரைக்கும் வர வேண்டாம்.”

“வேலை போனா போகட்டும்டி, நான்…”

“உங்க வேலைய நான் கேக்கல. போங்கக்கா.”

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தூக்கி மாட்டியிருந்த கை மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. பெரியக்கா அதைத் தொடவில்லை. எழுந்து, ஆறு கட்டிலையும் தாண்டி வெளியே வந்தாள்.

வராந்தா பெஞ்சில் கொழுந்தன் மருந்துச் சீட்டுகளை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி. அண்ணியைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

“பேசினாளா அண்ணி? உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு காலையிலேர்ந்து புலம்பிக்கிட்டிருந்தா.”

“தம்பி, நான் அன்னைக்குக் குரல் குடுக்கல.”

கொழுந்தன் பரிதாபமாகச் சிரித்தார். “சும்மா இருங்க அண்ணி. அவள நான் இனிமே திட்டல, போதுமா?”

பெரியக்கா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். அவர் பதறி எழப்போனார். அவள் அவருடைய முழங்காலைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, உப்பிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.